வெட்டி ஒட்டிய சிரிப்பு

சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் மறுபடியும் அதே இடத்தில் தடுக்கியது. டக்டக்டக்கென்று ஓடி, நடுவில் கொஞ்சம் தயங்கி, கத்தி பலகையில் சறுக்கி, கடைசியில் ஒரு சின்ன 'க்ளிக்'. பிறகு முதலிலிருந்து. அவன் லிப்ட் மெக்கானிக். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு. அந்த க்ளிக் கத்தியுடையது இல்லை. அது அவன் போட்ட ஒட்டு.

காலையில் மனைவி நறுக்கிக்கொண்டிருந்தபோது மைக் வைத்துப் பதிவு செய்திருந்தான். நல்ல துண்டாக ஒன்றை வெட்டி, வாலையும் தலையையும் ஒட்டி, நிற்காமல் ஓடும்படி தன் கேமுக்குள் போட்டான். சேரும் இடத்தில் க்ளிக் என்றது. போகட்டும், யாருக்குக் கேட்கப்போகிறது என்று அப்படியே சேமித்துவிட்டான். இப்போது சாயங்காலம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தான். அதன் ஒயர் கழன்று கிடந்தது.

நாலு வருஷத்து விடுமுறைகளையெல்லாம் தின்றுவிட்ட கேம் அது. ஒருவன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான், வீட்டில் மனைவியும் மகளும் இருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அதைச் செய்வதற்காக நிஜ மனைவியையும் மகளையும் அறைப் பக்கமே அண்டவிடுவதில்லை என்ற கேவலம் அவனுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம், மொட்டை மாடியில் டீயோடு வெட்டிப் பேச்சு, மகளோடு சைக்கிள் சுற்றல், எல்லாமே 'இது முடியட்டும்' என்று தள்ளிப்போனது. வேலை செய்யும் இடத்தில் 'கேம் கம்பெனி ஓனர்' என்று ஓட்டினார்கள். மனைவி அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டாள். போன வாரம் டீ கேட்டபோது, "உங்க கேம்ல ஒரு பொண்டாட்டி இருக்காளே, அவகிட்ட கேளுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை.

எழுந்து போனான். சமையலறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியே வந்த மங்கிய வெளிச்சத்தில் அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. கண் எரியவில்லை, வெங்காய வாடையே இல்லை. அதற்குப் பதிலாக, மரப் பட்டறையில் அடிக்குமே, அந்த மாதிரி ஒரு வறண்ட வாடை.

"என்ன பண்ற இருட்டுல?"

டக்டக்டக். தயக்கம். சறுக்கல். க்ளிக்.

கிட்டே போய் எட்டிப் பார்த்தான். வெங்காயத் துண்டுகள் காய்ந்து சுருண்டு ஓரமாக ஒதுங்கியிருந்தன. கத்தி வெறும் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. பலகை குழிந்து, துண்டுகளின் மேல் மரத்தூள் படிந்திருந்தது. தோளில் கை வைத்தான். தோள் சூடாகத்தான் இருந்தது, அவன் கைக்குள்ளேயே தன்பாட்டுக்கு அசைந்தது. முடி சரிந்து முகத்தை மறைத்திருந்தது. அதை ஒதுக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தான் வாழ்கிற வீட்டையே நாலு வருஷமாகக் கேமாகச் செய்தவனுக்கு, மனைவியின் முகத்தைப் பார்க்க மட்டும் கை வரவில்லை.

கீழ்வீட்டு நாய் அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் மாடிப்படியில் நின்று அதன் குரைப்பைப் பதிவு செய்து, அதையும் வெட்டி ஒட்டிச் சேமித்திருந்தான். நேற்றுக் கீழ்வீட்டுக்காரர் படியில் நிறுத்தி அழாத குறையாகச் சொன்னார். "ஒரே மாதிரி குரைக்குதுங்க. நிறுத்துது, திரும்ப அதே மாதிரி. சோறு தண்ணி தொடல. டாக்டரும் கைய விரிச்சிட்டார்."

"பாவம்" என்று சொல்லிவிட்டு மேலே வந்து கேமைத் திறந்தான். அவ்வளவுதான் அவனுடைய இரக்கம்.

மகள்!

கூடத்துக்கு ஓடினான். மகள் தரையில் குப்புறப் படுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, பசிக்குதுன்னு சொன்னா அம்மா திரும்பவே மாட்டேங்கறா. நீ திட்டினியா?"

புதுப் பேச்சு. எங்கும் பதிவாகாத பேச்சு. அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் இவள் சிரிப்பையும்தான் பதிவு செய்திருந்தான். சைக்கிளில் போகலாம் என்று ஆசை காட்டி, கிச்சுகிச்சு மூட்டி, சிரிப்பு கிடைத்ததும் 'அப்புறம் போலாம், போய் விளையாடு' என்று அனுப்பிவிட்டான். அதை வெட்டி ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் சமையலறைச் சத்தம் குறுக்கே வந்தது. இன்னும் சேமிக்கவில்லை. அப்பாடா, சேமிக்கவில்லை.

அவளை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

"சைக்கிள்ல போறோமாப்பா?"

"போறோம்டா செல்லம். இதையெல்லாம் அழிச்சிட்டு இப்பவே போறோம்."

"எல்லாத்தையுமா? பொய்தானே?"

"சத்தியமா எல்லாத்தையும்."

மனதாரத்தான் சொன்னான். முதலில் மனைவியின் சத்தம், பிறகு நாய், பிறகு மொத்தமும். பட்டியலில் வெங்காயத்தைத் தேடிப் பிடித்தான். முன்னொரு நாள் கரண்ட் போய்ப் பல நாள் வேலை பாழானதிலிருந்து ஒரு பழக்கம் அவனுக்கு. எதை அழிக்கும் முன்னும் ஒரு தடவை சேமித்துக்கொள்வான். மனதைக் கேட்காமலே விரல் அதைச் செய்துவிடும்.

விரல் செய்துவிட்டது.

திரையின் மூலையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்து மறைந்தது. அவன் தன் விரலைப் பார்த்தான். ஐயோ. ஐயோ.

மடியில் மகள் சிரித்தாள்.

நல்ல சிரிப்பு. நின்றது. மூச்சை இழுத்தாள். சிரித்தாள்.

"பாப்பா?"

சிரித்தாள்.

அழித்தான். சிரிப்பை, வெங்காயத்தை, நாயை. கேமையே அழித்தான். நாலு வருஷம் ஒரு நொடியில் போனது. திரை வெறுமையானது. சமையலறையில் கத்தி நிற்கவில்லை. கீழே நாயின் குரைப்பு நிற்கவில்லை. மடியில் அந்தச் சின்ன உடம்பு குலுங்கியது, அடங்கியது, குலுங்கியது.

"போதும்டா. போதும் சாமி. சைக்கிள்ல போலாம், வா."

முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். வாய் சந்தோஷமாக விரிந்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது. அவன் வெட்டியது குரலை மட்டும்தான். கண்கள் அவளுடையவையாகவே இருந்தன. விடாமல் சிரிக்கிற முகத்துக்குள்ளிருந்து, அந்த இரண்டு கண்களும் அப்பாவையே பார்த்து அழுதுகொண்டிருந்தன.