கேட்டுப் பழகிய மெட்டு

சாய்ந்தமருதுக் கடற்கரையில், மீனவர் குடிசைகளான வாடிகளுக்குச் சற்றுத் தள்ளி, ஜவுபரின் வாப்பா வலைகளைப் போட்டுவைக்கக் கட்டிய கல்வீடு ஒன்று இருந்தது. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் உள்ளறை, அவ்வளவுதான். எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை விழுந்துபோனதால் பிறகு தகரம் போட்டிருந்தார்கள். எண்பத்தொன்றாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு, மைத்துனன் மசூரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஜவுபர் அங்கே வந்து சேர்ந்தான்.

"இதுதான் இடம். ஒருத்தரும் வரமாட்டாங்க. நீ பாட்டுக்கு இருந்து வாசி."

கூடத்தின் நடுவில், பாயின் மேல், வெள்ளைத் துணி போர்த்திய ஆர்மோனியப் பெட்டி இருந்தது.

"சாலிஹ்ட பெட்டி," என்றான் ஜவுபர்.

சாலிஹை மசூருக்கும் தெரியும். ஜவுபர் பாடும் இசைக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவன். கல்முனைக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கல்யாண வீடுகளில் அவன் விரல்களைப் பார்க்கவென்றே ஆட்கள் பந்தலுக்குள் முண்டியடிப்பார்கள்.

"மச்சான், அவர் மௌத்தானது இந்த வீட்டுலதானே?"

"ஓம். சூறாவளியில கூரை விழுந்து. உள்ளறைக்குள்ள. பெட்டி மட்டும் தப்பிச்சு. என்ன, பயமா?"

மசூர் சிரித்தான். ஜவுபர் சிரிக்கவில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சாவியை நீட்டினான். உள்ளே ஒரு காலும் வைக்கவில்லை.

மசூருக்கு இருபத்திரண்டு வயது. மருதமுனையில் தறி நெய்கிறவன். ஒருவரிடமும் அவன் சங்கீதம் படித்ததில்லை. தறியடிக்கும்போது எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடை ரேடியோவில் வரும் பாட்டுகளைக் கேட்பான். இரண்டு தரம் கேட்டால் போதும், மூன்றாம் தரம் விரல்கள் தாமாகவே பாவு நூலின் மேல் தட்டிக்கொண்டிருக்கும். சொந்தமாகப் பெட்டி இல்லாததால், பெட்டி உள்ள வீடுகளில் அரை மணி, ஒரு மணி என்று இருந்துவிட்டு வருவான். காதுதான் அவனுக்கு வாத்தியார்.

மூத்த சகோதரி பரீனாவைக் கல்யாணம் செய்து, ஊர் வழக்கப்படி ஜவுபர் அவர்கள் வீட்டுக்கே வந்தபோது மசூருக்குப் பன்னிரண்டு வயது. அவன் வாப்பா இறந்து இரண்டு வருடம். தறிக்குழிக்குள் விழுந்து அவன் கை முறிந்த அன்று, கல்முனை ஆஸ்பத்திரி வரைக்கும் ஜவுபர்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். வாப்பாவின் இடத்தில் மசூர் வைத்திருந்த ஆள் அவன். இப்போது பெட்டியும் தந்து, குழுவில் இடமும் தருகிறேன் என்கிறான். மசூருக்கு வேறென்ன வேண்டும்?

முதல் மூன்று நாளும் ஒன்றுமில்லை. காலையில் தறி, பகலில் பெட்டி. வெயிலில் தகரம் பொருமும். கடல் ஒரே சீராக இரையும். அவன் வாசிப்பான், பிழைப்பான், மறுபடியும் வாசிப்பான்.

நான்காம் நாள், பாட்டு ஒன்றை வாசித்து முடித்து, காற்றடிக்கும் துருத்தியை மூடிக் கையை எடுத்தான்.

பெட்டி நிற்கவில்லை.

ஒரு சுரம், மெலிதாக, இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. கட்டைகளைத் தடவிப் பார்த்தான். எல்லாம் மேலெழும்பித்தான் இருந்தன. காதைப் பெட்டியோடு வைத்தான்.

சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை.

உள்ளறைக்குள்ளிருந்து வந்தது.

சுவரில் பட்டுத் திரும்புகிறது என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் திரும்பும் சத்தம் வாசித்ததைத்தானே சொல்லும்? இது அவன் வாசிக்காததைச் சொன்னது. மெதுவாக, தயங்கித் தயங்கி, ஒரு புது மெட்டு. எழுந்துபோய் உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே கிழிந்த வலைத்துண்டுகள், இரண்டு மிதப்புக் கட்டைகள், கரையான் மண். ஆளில்லை. வெளியே மணல் காலைச் சுடும் வெயில். அறைக்குள் மட்டும் நனைந்த கயிற்று வாசமும், அப்போதுதான் அணைத்த விளக்கின் புகை நாற்றமும்.

அவன் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த மெட்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். லுஹருக்கும் பின்னேர அஸர் தொழுகைக்கும் நடுவில், அவன் கையெடுத்த பிறகு. தொடக்கத்தில் ஒரு தாழ்ந்த சுரம். பிறகு படியேறுவது போல நாலு சுரம். அதற்குப் பிறகு ஒரே துண்டு மூன்று தரம் வரும், ஒவ்வொரு தரமும் முன்னதைவிட வேகமாக. மூன்றாம் தரத்தில் மூச்சு முட்டுவது போல நடுவிலேயே அறுந்துவிடும்.

மசூர் கேட்டான். கேட்டதை வாசித்தான். பிழையாக வாசித்தால் உள்ளறையில் அந்த இடம் மட்டும் திரும்ப ஒலிக்கும். சரியாக வாசித்துவிட்டால் அமைதி. கழுத்து மயிர் குத்திட்டு நிற்கும், விரல்கள் மட்டும் நிற்காது. எட்டாம் நாள் மெட்டு முழுவதும் அவன் கைக்கு வந்துவிட்டது.

ஒருவரிடமும் அவன் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். ஆசைதான் பெரிய காரணம். இப்படி ஒரு மெட்டை இந்தக் கரையில் ஒருவரும் கேட்டதில்லை. மச்சான் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டான்.

பங்குனியில் கல்முனைக்குடியில் ஒரு கல்யாண வீடு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டு. தென்னையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஜவுபர் மைக்கைப் பிடித்து நின்று, தொடங்கு என்று தலையசைத்தான். பாட்டுக்கு முன்னால் மசூர் அந்த மெட்டை எடுத்தான்.

பந்தல் அடங்கிப்போனது. பீடாத் தட்டோடு நடந்தவர்கள் நின்றார்கள். படியேறும் நாலு சுரம் முடிந்து, அந்தத் துண்டு முதல் தரம் வந்தது. இரண்டாம் தரம் வந்தது.

மைக் கீழே விழுந்தது.

ஜவுபரின் முகத்தில் இரத்தமே இல்லை. மசூரின் சட்டைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வேலியைத் தாண்டி, வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"இத ஆருக்கிட்டப் பழகின?"

"ஆருக்கிட்டயுமில்ல மச்சான். உள்ளறைக்குள்ள கேட்டுது."

ஜவுபர் அப்படியே மண்ணில் குந்திவிட்டான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தான்.

"சூறாவளி வந்த அண்டைக்குத்தான் சாலிஹ் கொழும்புக்குப் போற நாள். ரேடியோவுல வாசிக்க வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்திச்சு. அவன் போனா எங்கட குழு முடிஞ்சி. பெட்டிய எடுக்க உள்ளறைக்குள்ள போனான். நான் வெளியால தாழ்ப்பாளைப் போட்டிட்டுப் போயிட்டன். பஸ் போகட்டும், பின்னேரம் திறந்து விடுவம் எண்டுதான். அல்லாஹ்வுக்காகச் சொல்றன், அவ்வளவுதான்."

மசூர் நின்றுகொண்டே கேட்டான்.

"பின்னேரம் காத்துத் தொடங்கிட்டு. மரமெல்லாம் முறியிது. நான் வந்தன் மசூர். முற்றம் வரைக்கும் வந்தன். அவன் கத்துறது கேக்கல்ல. பெட்டிதான் கேட்டுது. உள்ளுக்க ஆள் இருக்கு எண்டு சொல்லத்தான் வாசிச்சிரிக்கான். ஓடு பறந்து வந்து காலடியில உடைஞ்சிச்சு. நான் திரும்பி ஓடிட்டன்."

அது பாட்டு இல்லை என்று மசூருக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று தரம் திரும்பி வந்த அந்தத் துண்டு ஒரு மனிதனின் கூப்பாடு. அதைத்தான் இவ்வளவு நேரமும் கல்யாண வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தான்.

"அவன் உசிரோட வாசிச்சதக் கேட்ட ஆள் நான் ஒருத்தன்தான்," என்றான் ஜவுபர். "மூணு வருசமா அந்த வளவுக்குள்ள போனாக் கேக்கும். இப்ப நம்மட வீட்டுலயும் கேக்கத் தொடங்கிட்டு. பெட்டி வாசிக்கிற ஒருத்தன்ட காதுக்குள்ள போயிட்டா என்னை விட்டிரும் எண்டு நினைச்சன்."

மசூருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் ஓரடி பின்வாங்கினான்.

"அதுக்குத்தானா என்னை அங்க கொண்டு விட்டீங்க?"

ஜவுபர் தலையை நிமிர்த்தவில்லை.

"ஓம்."

பந்தலுக்குள் ஆட்கள் கூப்பிட்டார்கள். ஜவுபர் எழுந்து அவன் கையைப் பிடித்தான்.

"உன்ட ராத்தா பரீனாக்குச் சொல்லாத. வயித்துப் புள்ளைக்காரி."

முறிந்து பொருந்திய கை அது. மசூர் அதை உதறி எடுத்துக்கொண்டான்.

மறுநாள் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாலிஹின் உம்மா சரீபாவிடம் போனான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் போனான். அவள் பெட்டியைக் கண்டதும் முந்தானையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

"ஜவுபர் தந்து விட்டாரா மனே? அந்தக் கல்லுக்குள்ளயிருந்து என்ட புள்ளைட மையித்தத் தூக்கித் தந்தவர் அவருதான். ஒவ்வொரு பெருநாளைக்கும் வந்து பார்ப்பாரு. அவருக்கு நான் துஆக் கேக்காத நாளில்ல."

மசூர், அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பினான். வழியெல்லாம் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மச்சான் செய்த துரோகத்துக்கு இப்போது தானும் காவல் நிற்பது போலிருந்தது.

இரண்டு மாதத்தில் ஜவுபர் சவூதிக்குப் போனான். ஏஜென்சிக்காரனைப் பிடித்து, அவசர அவசரமாக. விமானம் ஏறும் வரைக்கும் மசூரின் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

பரீனாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் கழிந்ததும், பிள்ளையின் சத்தத்தைத் தகப்பனுக்கு அனுப்ப ஆசைப்பட்டாள். அந்த நாளில் வெளிநாட்டுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கேஸட் பேசி அனுப்புவது வழக்கம். மசூர் பக்கத்து வீட்டு ரெக்கோடரை வாங்கி வந்து, புதுக் கேஸட் போட்டான். நல்ல வெயில் நேரம். தறி நின்றிருந்தது. பரீனா சுகம் கேட்டாள், பிள்ளையின் பெயரைச் சொன்னாள், பிள்ளையை அழவைத்தாள். பிறகு சரிபார்க்கத் திருப்பிப் போட்டார்கள்.

பரீனாவின் குரல். பிள்ளையின் அழுகை.

அதற்குப் பின்னால், சுவருக்கு அப்பால் போல, ஓர் ஆர்மோனியம்.

தாழ்ந்த ஒரு சுரம். படியேறும் நாலு சுரம்.

"இது என்ன மசூர், பக்கத்து ரேடியோவா?" என்றாள் பரீனா. அவள் நெற்றியில் வேர்வை. "நான் கதைக்கக்குள்ள ஒரு சத்தமும் கேக்கல்லயே. அழிச்சிட்டு மறுகாப் பேசுவமா?"

மசூர் கேஸட்டை வெளியே எடுத்தான். கையில் அது குளிர்ந்து கிடந்தது. அழித்துவிடலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ஜவுபர் வாசலில் நின்று சாவி நீட்டிய நீட்டு அவன் கண்ணுக்குள் வந்தது.

"வேணாம் ராத்தா. புள்ளைட சத்தம் நல்லா விழுந்திரிக்கி. இப்படியே அனுப்புங்க."

உறையில் விலாசத்தை அவனே எழுதினான். கல்முனைத் தபாற் கந்தோரில் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அன்றைக்குப் பிறகு வீட்டில் அந்த மெட்டு கேட்கவில்லை. அவனும் நன்றாகத் தூங்கினான். அப்படித் தூங்க முடிந்ததே பின்னாளில் அவனைப் பயமுறுத்தியது.

மூன்று மாதத்துக்குப் பிறகு பதில் கேஸட் வந்தது. ஜவுபரோடு வேலை செய்த அபூசாலி லீவில் வந்தபோது கொண்டுவந்தான். வாசலிலேயே நின்று, பரீனாவுக்குக் கேட்காமல், மசூரின் காதுக்குள் சொன்னான்.

"உங்கட மச்சான் வேலைக்கு வாறதில்ல தம்பி. கதவ உள்ளால பூட்டிக்கிட்டு இருக்காரு. இதக் கதவுக்குக் கீழால தள்ளி விட்டாரு."

கேஸட்டின் மேல் ஜவுபரின் கையெழுத்து. பரீனா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வாப்பா பேசப் போகிறார் என்று அதன் காதில் சொல்லிவிட்டு, பொத்தானை அமுக்கினாள்.

ஸலாம் இல்லை. சுகம் கேட்கவில்லை. ஒரு வார்த்தையும் இல்லை.

ஆர்மோனியம் மட்டும்.

"ஆரு மசூர் வாசிக்கிற?" பரீனா ரெக்கோடரைக் கிட்ட இழுத்தாள். "இவருக்குப் பெட்டியில கை வைக்கவும் தெரியாதே."

மசூர் காதைக் கொடுத்துக் கேட்டான். சாலிஹின் விரல்களை அவன் காது அறியும். இது அந்த விரல்கள் இல்லை. தடுமாறும் விரல்கள். ஒரு சுரத்தில் பிழைக்கும், நிற்கும். எங்கேயோ பின்னால் அந்த இடம் மட்டும் மெலிதாகத் திரும்ப ஒலிக்கும். தடுமாறும் விரல்கள் மறுபடியும் தொடக்கத்திலிருந்து வரும். நடுவில் ஒரு தரம் விம்மல் போல ஒரு மூச்சு. அது ஜவுபரின் மூச்சு.

பரீனா கேஸட்டைத் திருப்பிப் போட்டாள்.

மறுபக்கத்தில் பிழையே இருக்கவில்லை.