டாட்டா காட்டிய கை!

'டமார்!'

தாடையில் பாதி சோப்பு நுரையோடு மாடி ஜன்னலுக்கு ஓடினார் வைத்தியர்.

சரிவான தெருவின் அடியில், கிடங்குச் சுவரில் மோதி நசுங்கிக் கிடந்தது அவருடைய மோட்டார் சைக்கிள்.

பக்கத்தில் ஒரு மனிதர். அவருடைய கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது!

தெருவில் யாரோ ஒரு பெண் வீறிட்டாள்...

வைத்தியர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. எழுபது, எண்பது வயதான க்ரூஸர் மோட்டார் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, உயிர் கொடுத்து விற்கிற மெக்கானிக். கீழே ஷோரூம், பின்னால் பட்டறை, மாடியில் குடித்தனம். செத்துப் போனவர் அந்த வண்டியை வாங்க வந்தவர். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால், ஆசை தாங்காமல் ஆறே முக்காலுக்கே வந்து, திறந்திருந்த ஷோரூமிலிருந்து வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

ஒன்பது மணிக்கு வந்தது இன்ஸ்பெக்டர் அம்மா!

"ரெண்டு பிரேக்கையும் யாரோ கழட்டி விட்டிருக்காங்க. இது விபத்து இல்ல. கொலை!"

"அய்யோ... நேத்து சாயங்காலம் ரெண்டையும் நானே சரி பார்த்தேன் மேடம்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். அந்த வண்டியை வேற யாரையும் தொட விடமாட்டீங்களாமே?"



"வண்டி வாங்க வந்தவரை நான் ஏன் கொல்லணும்?"

"விளம்பரம் குடுக்கறது... ஆள் வந்ததும் மனசு மாறி துரத்தறது... இப்படிப் பதினோரு பேரை விரட்டியிருக்கீங்க. இவர் அசையல. காலையில வாங்கன்னு உங்க வாயாலேயே சொல்ல வச்சுட்டார். நேத்து நீங்க போட்ட சண்டை தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கு!"

"கோபத்துல நாலு வார்த்தை பேசினா கொலையா மேடம்?"

"சாட்சி இருக்கு. தம்பி... நீ சொல்லு."

முன்னால் வந்து நின்றான் மச்சினன். வைத்தியர் மனைவியின் தம்பி. ஷோரூமில் விற்பனை அவன் பொறுப்பு. வாயைத் திறந்தால் துருப்பிடித்த இரும்பையும் தங்கம் என்று விற்றுவிடுவான்.

"ஆறேகாலுக்குக் கடைக்கு வந்தேன் மேடம். அத்தான் பிரேக்குக்கிட்ட குனிஞ்சு ஏதோ பண்ணிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விறுவிறுன்னு மாடிக்குப் போயிட்டார்..."

"டேய்! நான் எழுந்ததே ஆறரைக்குடா!"

மச்சினன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வேலை வெட்டி இல்லாமல் திரிந்தவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பன்னிரண்டு வருஷம் சோறு போட்டவர் வைத்தியர். அவன் இப்போது அவரைச் சிறைக்கு அனுப்புகிறான்!

மாடிப்படி ஓரத்தில் அவர் மனைவி விசும்பிக்கொண்டிருந்தாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள்.

ஒரு கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"அப்புறம் என்ன நடந்துச்சு தம்பி?"

"வண்டி வாங்கறவர் வந்தார். ஏறி உக்காந்தார். வலது கையால ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கிட்டே, இடது கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினார். சர்ருன்னு போனவர்தான் மேடம்..."

வைத்தியர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மேடம்! விலங்கு ரெண்டு நிமிஷம் காத்திருக்கட்டும். இதுல ஏறி உக்காருங்க!"

அதே மாடலில் இன்ஜின் இல்லாத கூடு ஒன்று ஷோரூம் மூலையில் நின்றது. இன்ஸ்பெக்டர் அம்மா சந்தேகத்தோடு ஏறினார்.

"வலது கைப்பிடியை முறுக்குங்க."

முறுக்கினார். அசையவில்லை!

"இந்த மாடலுக்கு ஆக்ஸிலேட்டர் இடது பக்கம் மேடம். வலது கைக்கு இதோ, டாங்க் ஓரத்துல கியர் குச்சி. கிளம்பறப்ப ரெண்டு கைக்கும் வேலை இருக்கு. டாட்டா காட்டணும்னா மூணாவதா ஒரு கை முளைக்கணும்!"

"இது உங்க மச்சினனுக்குத் தெரியாதா?"

"பன்னிரண்டு வருஷமா வாயாலேயே வண்டி ஓட்டினவன் மேடம். ஒரு நாளும் ஏறி உக்காந்ததில்ல. பயந்தாங்கொள்ளி!"

இன்ஸ்பெக்டர் அம்மா மெதுவாக இறங்கினார். மச்சினன் பக்கம் திரும்பினார்.

"நீ கடைக்கே வரல. அப்படித்தானே?"

"வ... வரல மேடம். வீட்டுல தூங்கிட்டிருந்தேன். கொலை நான் பண்ணல! அக்காதான் போன் பண்ணி இப்படிச் சொல்லச் சொன்னா. கடையை என் பேருக்கு எழுதித் தர்றேன்னா!"

விசும்பல் நின்றது.

எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். அங்கே அழுகை போன இடம் தெரியவில்லை!

"ஆமா. விடிகாலையில ஷோரூமைத் திறந்து நான்தான் கழட்டினேன்" என்றாள் மனைவி. "அந்த மனுஷன் பாவம். அவருக்கு நான் பொறி வைக்கல. தினம் ஏழு மணிக்கு முதல் ரவுண்டு போறவர் இவர்தானே!"

"எ... எனக்கா வச்சே?"

"உங்களுக்கும் அந்த வண்டிக்கும் சேர்த்துத்தான். ரெண்டு பேரையும் பிரிக்க மனசு வரல!"

மச்சினன் செய்தது வைத்தியருக்கு வலித்தது. இது வலிக்கக்கூட இல்லை. உடம்பே மரத்துப்போய் நின்றார்.

"உனக்கு நான் என்னடி குறை வச்சேன்?"

"எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன வீட்டை, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டு இந்த இரும்பை வாங்கினீங்க. 'ஆசை தீர்ந்ததும் வித்துடுவேன், உன் வீட்டைத் திருப்பி வாங்கித் தர்றேன்'னீங்க. பதினோரு தடவை நம்பினேன். நேத்து பன்னிரண்டாவது ஆளையும் விரட்டப் பார்த்தப்போ எனக்கு விட்டுப்போச்சு!"

"அவர் செத்ததும் பழியை என் தலையில போட்டுட்டே..."

"மேல போகாதவர் உள்ளயாவது போகட்டுமேன்னுதான்!"

இன்ஸ்பெக்டர் அம்மா குறுக்கிட்டார். "பிரேக்கைக் கழட்ட உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா சாப்பாட்டு மேஜையில இவர் வேற என்ன பேசினார்? முன்னாடி கேபிளைத் தளர்த்தணும். பின்னாடி கம்பியில ஒரு குட்டிப் பின், அதை உருவணும். கண்ணை மூடிக்கிட்டே செய்வேன் மேடம்!"



வைத்தியர் இரண்டடி முன்னால் வந்தார். உதடு துடித்தது. கண்ணில் நீர் முட்டியது. நொறுங்கிப்போன மனிதர் என்ன சொல்லப் போகிறாரோ என்று கான்ஸ்டபிள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பின்னை... எங்க போட்டே?"

"என்னது?"

"அது இப்போ உலகத்துல எங்கயுமே கிடைக்காதும்மா!"

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் நீட்டினாள்.

"கேட்டீங்களா மேடம்? இதையும் என் வாக்குமூலத்துல எழுதிக்குங்க... ஜட்ஜுக்குக் கல்யாணம் ஆகியிருந்தா, பாதி தண்டனை குறையும்!"