காலம் பிறப்பதற்கு ஒரு நிமிடம் முன்

"அசையாதீங்க மேடம்... நேரா என்னைப் பாருங்க."

பார்க்கத்தான் முடியவில்லையே! மழைக்கு ஓடி வந்து, கண்ணாடிக்கடைப் படியில் வழுக்கி, மூக்குக்கண்ணாடியைத் தானே மிதித்து நொறுக்கியவளுக்கு, எதிரே இருந்த கண் பரிசோதகன் வெறும் வெள்ளைச் சட்டையாகவும் குரலாகவும்தான் தெரிந்தான். அவன் லென்ஸை மாற்ற மாற்ற... முதலில் புருவம் வந்தது. பிறகு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் இரண்டு கண்கள். அப்புறம், மேசைமேல் பென்சில் செருகிய ஒரு புத்தகம்.

அவள் புத்தகம்! புனைபெயரில் எழுதிய முதல் விஞ்ஞான நாவல்.

"கதை எப்படி சார்?" என்றாள், யாரோ எழுதியதைப் போல.

"பிரமாதம்... முதல் அத்தியாயத்தைத் தவிர."

"ஏன், அதுக்கென்ன?"

"காலம் பிறக்கிறதைப் பார்க்க ஒருத்தி விண்கலத்துல போறா. ஒரு நிமிஷம் முன்னாடியே போய் இறங்கி, வாட்சைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. காலமே இன்னும் பிறக்கல மேடம்... அந்த ஒரு நிமிஷம் எங்கேருந்து வந்துச்சு? பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியில்ல இருக்கு!"

சுரீரென்றது அவளுக்கு.

"அதை எழுதினது நான்தான். ரெண்டு வருஷம் எழுதினேன். நீங்க லென்ஸை மட்டும் பாருங்க!"

அவன் முகம் என்னவாயிற்று என்றுகூடப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று மழையில் இறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. பதிப்பகத்தை நடத்தும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எவனோ கண்ணாடி விக்கிறவன் சொன்னான்னு அச்சை நிறுத்தணுமா? ஆயிரம் பேர் படிச்சாங்க, ஒருத்தரும் கேக்கல. விட்டுத் தொலைடி!"

"ஆயிரம் பேர் கேக்காததை அவர் கேட்டுட்டாரே..."

"ஓஹோ... 'அவரா'?"

அவள் எப்போதோ கழற்றி வைத்த பழைய கண்ணாடி ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அவன் சொன்னது தப்பாக இருந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பாள். சரியாக இருந்ததுதான் வலித்தது. மாற்றினால் அவனிடம் தோற்றதாகிவிடும். மாற்றாவிட்டால்...? அவளுடைய கர்வம் சின்னதல்ல. தெரிந்தே ஒரு பிழையைத் தன் புத்தகத்தில் அச்சேற்றச் சம்மதிக்காத அளவுக்குப் பெரியது.

மூன்று நாளில் ஒன்பது தடவை கிழித்து எழுதினாள். புதிய அத்தியாயத்தில் காத்திருப்பு இல்லை, கரையில் நின்று வேடிக்கை பார்க்க இடமும் இல்லை. முதல் கணம் அந்தப் பெண்ணுக்கு வெளியே நிகழவில்லை. அவளையும் வாரி எடுத்துக்கொண்டு விரிந்தது.

வியாழன் காலை அவள் கடைக்குள் நுழைந்ததும் அவன் பதறி எழுந்தான்.

"மன்னிச்சிடுங்க மேடம்... நாலு தடவை படிச்ச திமிர்ல பேசிட்டேன்."

"நாலு தடவையா?"

"பிடிக்காத புத்தகத்தோட யாராவது பென்சிலும் கையுமா உட்காருவாங்களா?"

அவள் தாள்களை நீட்டினாள். "படிங்க."

அவன் படித்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவள், அவன் கண்கள் வரிவரியாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் அவை நின்றன... வெகுநேரம் நின்றன. நிமிர்ந்தபோது லேசாக ஈரம்.

"நான் கேட்டது ஒரு நிமிஷத்தைப் பத்தி. நீங்க..." அவனால் முடிக்க முடியவில்லை.

அவள் எழுத்துக்கு அவன் தந்த பட்டம் அது. அதை அவள் தலை நிமிர்ந்தே வாங்கிக்கொண்டாள்.

"இதைப் படிச்சுட்டு, புத்தகத்துல உங்களுக்கு ஒரு நன்றி போடச் சொன்னா என் அக்கா. முடியாதுன்னுட்டேன்."

"அதுவும் சரிதான் மேடம்..."

"என் புத்தகத்துல இன்னொருத்தர் திருத்தம் இருக்கிறது எனக்குப் பிடிக்காது."

அவன் முகம் வாடியது. அவள் குரல் முதல்முறையாக நடுங்கியது. தலை மட்டும் குனியவில்லை.

"ஆனா... நீங்க இன்னொருத்தரா இருக்கிறது, அதைவிடப் பிடிக்கல."