மூடுபனியில் பிடித்த கை

பட்டாணி பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய சிரிப்பு பின்னாலிருந்து வந்தது.

மெழுகு திரும்பிப் பார்த்தாள். குன்றின் இடுப்பைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதை, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்த புல், இடப்பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, அதற்கும் கீழே கடல். வந்த வழியில் ஈ காக்காய் இல்லை. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாததல்ல. முதலில் மூக்கால் சின்னதாக ஓர் உறிஞ்சல், பிறகு மூன்று படி தாவி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். பதினாறு வருடமாகக் கேட்கிற சிரிப்பு.

"ஏய், இப்ப சிரிச்சியா?"

பட்டாணி ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தாள். "என்னடீ?"

"சிரிச்சியான்னு கேட்டேன்."

"இல்லையே. சைட்டுக்கு சிமென்ட் லாரி வரலைன்னு உங்க அண்ணன் அரை மணி நேரமா புலம்பிட்டிருக்காரு. இதுல எங்கேர்ந்து சிரிக்கிறது?" இயர்போனை மறுபடி செருகிக்கொண்டாள். குரல் குழைந்தது. "ம்... உங்க தங்கச்சிதான். ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க."

உங்க தங்கச்சி. அந்த வார்த்தை மெழுகின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தி நின்றது.

பயணத்தின் நான்காம் நாள் அது. ஆளுக்கொரு முதுகுப் பையைச் சுமந்துகொண்டு, கொஞ்சம் பஸ், கொஞ்சம் நடை என்று இந்தக் கடற்கரை முழுவதையும் பத்து நாளில் பார்த்துவிடுவது என்பது இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து போட்ட திட்டம். நிறைவேற இத்தனை வருடமாயிற்று. பட்டாணி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களையும் சிரிக்க வைத்தே நெடுஞ்சாலையில் ஏற்றிவிடுவாள். உருண்டு உருண்டு எல்லாரிடமும் போய் ஒட்டிக்கொள்வதால் பட்டாணி. மெழுகு பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மெழுகில் பல் செதுக்கும் விரல்கள். அந்தப் பெயரை வைத்ததும், அவளை அப்படிக் கூப்பிடுவதும் உலகத்திலேயே பட்டாணி ஒருத்திதான்.

கல்லூரிக் காலத்தில் பட்டாணி ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்தபோது, அதற்கு உறை செய்தது மெழுகுதான். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏழு தடவை சேர்த்துப் பார்த்து, ஓரத்தில் மயிரிழை அளவு வெள்ளைக் கோடு ஒன்றும் வைத்தாள். அது அவளுக்கு மட்டும் தெரியும். பட்டாணி வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம், அந்த வாயில் தன்னுடையது ஒன்று இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு நிறைவு.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணனும் பட்டாணியும் சேர்ந்து வந்து கல்யாணச் செய்தியைச் சொன்னார்கள். வீடே கொண்டாடியது. "உனக்குத்தான் டபுள் சந்தோஷம் பாப்பா," என்றான் அண்ணன். மெழுகு சிரித்தாள். அன்று ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். யார்மேல் பொறாமை என்று அவளுக்கே பிடிபடவில்லை. தோழியைப் பிடுங்கிக்கொண்ட அண்ணன்மேலா, அண்ணனைப் பிடுங்கிக்கொண்ட தோழிமேலா? இருவரும் அவளிடம் கேட்காமலேயே ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவ்வளவுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை, தங்கியிருந்த விடுதியின் பொதுக் குளியலறையில் மெழுகு பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வெந்நீர் ஆவியில் கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது. பின்னால் யாரோ வந்து நின்றார்கள். தோளில் ஒரு முகவாய் வந்து பதிந்தது.

"இன்னிக்கு நாம ரெண்டு பேர் மட்டும்தான்," என்றது பட்டாணியின் குரல். "வேற யாரும் வேணாம்."

மெழுகின் உடம்பெல்லாம் இளகியது. தோளில் ஈரம் பட்டது. கரையில் ஒதுங்கி வெயிலில் கிடந்த கடற்பாசியின் வாடை. ஏதோ புது ஷாம்பூ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தபோது பின்னால் யாரும் இல்லை.

வெளியே வந்தாள். வாசல் படியில், ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு, பட்டாணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். தலை காய்ந்திருந்தது.

"உள்ள வந்துட்டுப் போனாளா இவ?" என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்டாள் மெழுகு.

"இல்லீங்களே. விடிஞ்சதிலேர்ந்து இந்தப் படியிலதான் உக்காந்திருக்காங்க. போனுக்கு வேரே முளைச்சுடும்போல," என்று அந்தப் பெண் சிரித்தாள்.

மெழுகு தன் ஈரத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் பட்டாணியிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அந்த வாக்கியம் தன்னுடையதாக இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. நாம ரெண்டு பேர் மட்டும்தான். நாள் முழுக்க அதை மிட்டாய்போல் வாய்க்குள் புரட்டிக்கொண்டே வந்தாள்.

மதியம் பஸ் அவர்களை ஒரு வளைவில் இறக்கிவிட்டது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கீழ மணல் நல்லாயிருக்கும், பாருங்க. ஆனா மூணு மணிக்கு மேல பனி இறங்கும், தண்ணியும் ஏறும். பாறைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா வழி தெரியாது. சட்டுனு மேல வந்துடுங்கம்மா."

குறுகிய பாறை ஒன்றைத் தாண்டினால் பிறை வடிவில் வெள்ளை மணல். தண்ணீர் கண்ணாடிப் பச்சை. பட்டாணி கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். பத்து வயதுப் பெண்ணாகிவிட்டாள். மெழுகும் ஓடினாள். ஒரு மணி நேரம் எல்லாம் பழையபடி இருந்தது.

பிறகு பட்டாணி மணலில் கோடு கிழித்துக்கொண்டே சொன்னாள். "கோவப்படாம கேளு. உங்க அண்ணனுக்கு லீவு கிடைச்சிருக்கு. அடுத்த ஊருக்கு வர்றேங்கறாரு. கடைசி அஞ்சு நாள் மூணு பேருமா..."

"நீ வரச் சொன்னியா?"

"அவரே கேட்டாருடீ. எப்படி வேணாம்னு சொல்றது?"

"பதினாறு வருஷமா நான் கேட்ட இந்த டிரிப்பை மட்டும் தள்ளிப் போட முடிஞ்சுதுல்ல?"

"மெதுவா, மெதுவா. கிளட்சை விடு," என்று பட்டாணி வழக்கமான வேடிக்கையைச் சொன்னாள். மெழுகு சிரிக்கவில்லை. பட்டாணியின் முகம் மாறியது. "ஏன்டீ இப்படி இருக்க? நான் எங்கயோ போயிடற மாதிரி. உங்க வீட்டுக்குத்தானே வர்றேன்?"

"என்கிட்ட வரலையே."

அதற்குள் கடலின் விளிம்பு காணாமல் போயிருந்தது. தண்ணீரின் மேலேயே ஊர்ந்து வந்தது பனி. முதலில் தூரத்துப் பாறைகள், பிறகு அலைகளின் நுரை, பிறகு அவர்களுடைய காலடித் தடங்கள். அலைச் சத்தம் மட்டும் பஞ்சு பொத்தினமாதிரி எல்லாத் திசையிலிருந்தும் கேட்டது. உப்பும் ஈரமும் பல்லில் படிந்தன.

"கையைப் பிடிச்சுக்கோ," என்றாள் பட்டாணி. "சேர்ந்தே போயிடலாம்."

நீட்டிய கையை மெழுகு தட்டிவிட்டாள். "எனக்கு வழி தெரியும்."

இருபது அடிதான் நடந்திருப்பாள். திரும்பியபோது பட்டாணி இல்லை. மணல் இல்லை. தன் மழைக்கோட்டின் நீலக் கை நுனியே மங்கலாகத்தான் தெரிந்தது.

"பட்டாணி?"

அலை.

"பட்டாணி! சும்மா விளையாடாத!"

அப்போது ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. விரலோடு விரல் கோத்துக்கொண்டது. நனைந்து சில்லிட்டிருந்தது.

"கோவம் போச்சா?" என்றது பட்டாணியின் குரல், காதுக்கு மிக அருகில். "உங்க அண்ணனை வர வேணாம்னு சொல்லிட்டேன். எனக்கு நீ போதும்."

மெழுகுக்கு அழுகை முட்டியது. "நிஜமாவா?"

"நிஜமா. வா."

இருவரும் நடந்தார்கள். அந்தக் கைக்கு வழி தெரிந்திருந்தது. பாறையில் எங்கே மிதிக்க வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்று தயங்காமல் இழுத்துக்கொண்டு போனது. கணுக்கால்வரை இருந்த தண்ணீரை இரண்டே எட்டில் கடந்தார்கள். மேலே ஏறும் பாதை காலில் தட்டியது. கடற்பாசி வாடை.

"உன் பை எங்கடீ?"

"கனமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

பத்து அடி ஏறியிருப்பார்கள்.

"மெழுகு!"

கீழேயிருந்து வந்தது. தூரத்திலிருந்து. தொண்டை கிழிந்த குரல்.

"மெழுகு, எங்கடீ இருக்க? கால் பிசகிடுச்சு! எந்திரிக்க முடியல! தண்ணி ஏறுதுடீ!"

மெழுகு நின்றாள். பிடித்திருந்த கையும் நின்றது.

"யாரோ," என்றது பக்கத்துக் குரல்.

"உன் குரல் மாதிரி..."

"யாரோ," என்றது மறுபடியும். அப்புறம் சிரித்தது. மூக்கால் ஓர் உறிஞ்சல். மூன்று படி.

பனி ஒரு நொடி கலைந்தது. முகம் தெரிந்தது. அதே மூக்கு. அதே புருவத் தழும்பு. வாய் திறந்திருந்தது.

முன்பல்.

உறை இல்லை. வெள்ளைக் கோடு இல்லை. ஒரு நாளும் உடையாத முழுப் பல். வழவழவென்று. புதிதாய். பக்கத்துப் பல்லும் அப்படியே. எல்லாப் பல்லும்.

தெரிந்துவிட்டது. எலும்புக்குள் தெரிந்துவிட்டது.

"மெழுகு! பயமா இருக்குடீ!"

கையை உதறலாம். உதறினால் விட்டுவிடும். அது இறுக்கிப் பிடிக்கவில்லை, காத்துக்கொண்டுதான் இருந்தது. திரும்பி இறங்கப் பத்து அடி, தாண்ட ஒரு பாறை. அவ்வளவுதான்.

"எனக்கு நீ போதும்," என்றது அது. "அவளுக்கு நீ போதுமா?"

கீழேயிருந்து வந்த குரல் இப்போது வேறு பெயரைக் கூப்பிட்டது. அண்ணனின் பெயர்.

மெழுகின் விரல்கள் மெல்ல மூடின. அந்தச் சில்லிட்ட கையை அவள்தான் இறுகப் பிடித்தாள்.

"போலாம்," என்றாள்.

மேலே சாலையில் பனி இல்லை. மாலை வெயில் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. வளைவில் ஒரு கார் நின்றிருந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த அண்ணன் இவர்களைப் பார்த்ததும் கையை ஆட்டினான்.

"என்ன, பயந்துட்டீங்களா? ஒரு நாள் முன்னாடியே கிளம்பி வந்துட்டேன். பஸ் டிரைவர்தான் இங்க இறக்கிவிட்டேன்னு சொன்னாரு."

கோத்திருந்த விரல்கள் கழன்றன. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். அது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அண்ணனிடம் போனது. முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தது. அதன் காலடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மெழுகு பின்னால் ஏறினாள். வேறு எங்கே போவது?

"ஐயோ, கை என்ன இப்படி ஐஸா இருக்கு!" அண்ணன் அதன் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தான். வாயருகே கொண்டுபோய் ஊதினான். அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பாசமாக.

"அண்ணா," என்றாள் மெழுகு.

அது திரும்பியது. உதடு விரிந்தது. அத்தனை பற்கள்.

"என்ன பாப்பா?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணா."

கார் கிளம்பியது. அடுத்த வளைவில் சாலை கடலைப் பார்த்துத் திரும்பியது. அந்த நேரத்தில்தான், யாரோ துணியைப் பிடித்து இழுத்தமாதிரி, கீழே பனி மொத்தமும் விலகியது. பின் கண்ணாடியில் அந்தப் பிறை மணல் இருந்த இடம் முழுக்கத் தண்ணீராகத் தெரிந்தது.

தண்ணீரில் பட்டாணி நின்றிருந்தாள். இடுப்பளவு. நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தாள், கரையை நோக்கி அல்ல. உள்ளே.

தனியாக இல்லை. நீல மழைக்கோட்டு போட்ட ஒருத்தி கைத்தாங்கலாக அவளை அழைத்துக்கொண்டு போனாள். மெழுகின் உயரம். மெழுகின் நடை. ஓர் அலை வந்தபோது இருவரும் சேர்ந்தே தடுமாறினார்கள். பட்டாணி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்பதுபோல. மார்பளவு. கழுத்தளவு. பிடித்த கையை விடவே இல்லை.

மெழுகு கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள். இவ்வளவு நம்பிக்கையோடு தன்னை ஒருநாளும் பட்டாணி பிடித்ததில்லையே என்றுதான், அந்த நிமிடத்திலும், அவளுக்குப் பொறாமையாக இருந்தது.