நீலக் காரும் மிளகின் கோபமும்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் மிளகு. வைத்தவர் மாமா. "பாக்க இத்துனூண்டுதான் இருப்பா. கடிச்சாத்தான் தெரியும்," என்று அதற்குக் காரணமும் சொல்வார். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் அது பரீட்சை நாளில் மட்டும்தான் வெளியே வரும்.

மிளகின் அம்மா கார்களுக்கு மெருகு போடுகிறவர். வீட்டை ஒட்டிய கொட்டகைதான் பட்டறை. மங்கிப்போய், சோர்ந்துபோய் ஒரு கார் உள்ளே போகும். திரும்பி வரும்போது, நம்முடையதுதானா என்று சொந்தக்காரரே குனிந்து நம்பர் பலகையைப் பார்ப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பாலிஷ் அக்கா'.

அந்த வாரம் பட்டறைக்கு ஒரு நீலக் கார் வந்தது. மிளகின் வயதைப் போல நாலு மடங்கு வயது அதற்கு. பேக்கரிக்காரருடையது. அவர் முதன்முதலில் கடை திறந்தபோது, சூடான ரொட்டிகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போன கார். கடைக்கு நாற்பது வயது ஆகப் போகிறது. அந்தப் பிறந்த நாளில் காரைக் கடை வாசலில் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"இந்த நீலத்தை இப்ப யாரும் தயாரிக்கறதில்லம்மா," என்றார் சாவியைக் கொடுக்கும்போது. "போச்சுன்னா போனதுதான். பாத்துப் பண்ணுங்க."

அவர் போனதும் அம்மா காரின் கூரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"புதுக் கார்லன்னா பெயின்ட் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். இதுல அது இல்லை. தொட்டா நேரா நீலம்தான்," என்றார். "முரட்டு பாலிஷ் போட்டோம்னா, நீலம் தேஞ்சு தகரம் பல்லை இளிக்கும்."

மிளகுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பாலிஷ் என்பது பெயின்டின் மேல்தோலை மயிரிழை அளவுக்குத் தேய்த்துச் சமன் செய்வது. வாக்ஸ் எதையும் தேய்க்காது. அது ஒரு மெழுகு. போர்வை மாதிரி மேலே படிந்து வெயிலையும் மழையையும் தடுக்கும். சக்கரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பூச்சு உண்டு, சீலன்ட் என்று. அதைப் பூசிவிட்டால் பிரேக்கிலிருந்து உதிரும் கரித்தூள் சக்கரத்தில் அப்பிக்கொள்ளாது. மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி, பென்சில், ரப்பரோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை இவற்றை வாங்க மூன்று பேர் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் மாமா, அம்மாவின் தம்பி. பை தூக்க வந்தார். தையல்காரரான அவருக்குக் கார்களைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று வரும்.

கார் சாமான் கடை பெரியது. உள்ளே நுழைந்ததுமே புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. சிவப்பு டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"வாங்க சார், என்ன பாக்கறீங்க?" என்றார். கேட்டது மாமாவிடம்.

"பழைய கார் ஒண்ணுக்கு பாலிஷ் வேணும்," என்றார் அம்மா. "மேல்பூச்சு இல்லாத பெயின்ட். ரொம்ப மென்மையானதா காட்டுங்க."

டைக்காரர் தலையை ஆட்டினார். பிறகு மாமாவிடம், "கீறல் நிறைய இருக்கா சார்?" என்றார்.

மாமா தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க. நான் தையல்காரன். அக்காவைக் கேளுங்க."

"லேசான கீறல்தான்," என்றார் அம்மா.

"அப்ப உங்களுக்கு இதுதான் சார் சரி." ஒரு கறுப்பு பாட்டில் மாமாவின் கைக்குப் போனது. "இருக்கறதுலயே ஸ்ட்ராங். ஒரே தேய்ப்பு, கீறல் காலி."

மாமா அதை அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல விரல் நுனியில் பிடித்துக்கொண்டார். அம்மா அதை வாங்கி, பின்பக்கத்தைப் படித்து, அலமாரியில் திரும்ப வைத்தார். "இது முரட்டு ரகம். இதைப் போட்டா பெயின்ட் போயிடும். வேணாம்."

"மேடம், இது கொஞ்சம் டெக்னிக்கலான விஷயம்," என்றார் டைக்காரர் சிரித்துக்கொண்டே. "அங்க வாசனை ஸ்ப்ரே புதுசா வந்திருக்கு. எலுமிச்சை, ரோஜா எல்லாம் இருக்கு. பாத்துட்டு இருங்க. நான் சார்கிட்ட பேசிக்கறேன்."

மிளகுக்குக் காது இரண்டும் சுட்டன.

"அம்மா," என்று கிசுகிசுத்தாள். "நீ சொல்றது அவர் காதுல விழலியா?"

"விழுது. உள்ள போகத்தான் மாட்டேங்குது."

அம்மா மறுபடியும் முயன்றார். சக்கரத்துக்கு சீலன்ட் வேண்டும் என்றார். டைக்காரர் டயரைக் கறுப்பாக்கும் ஸ்ப்ரே ஒன்றை எடுத்து மாமாவுக்கு நீட்டினார். "இது டயருக்கு, நான் கேட்டது சக்கரத்துக்கு," என்று அம்மா சொன்னபோது, "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று மாமாவையே கேட்டார்.

மாமாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. "அக்கா, நான் வேணா வெளியில போய் நிக்கறேன். நான் இல்லேன்னா அவர் உன்கிட்டதானே பேசியாகணும்?"

நல்ல யோசனைதான். மாமா வாசலை நோக்கி நடந்தார். "சார், சார், ஒரு நிமிஷம்," என்று டைக்காரரும் பின்னாலேயே ஓடினார்.

அம்மா பெருமூச்சு விட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். மிளகால் அப்படித் திரும்ப முடியவில்லை. உள்ளங்கால் வரைக்கும் கோபம் இறங்கியிருந்தது. அவளும் வாசலுக்குப் போனாள்.

அங்கே ஒரு வெள்ளைக் கார் அப்போதுதான் வந்து நின்றது. கூரையில் 'பயிற்சி வாகனம்' என்ற பலகை. கையில் ஒரு வாக்ஸ் டப்பாவோடு இறங்கிய பெண், ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர்.

"போன வாரம் நீங்க குடுத்த வாக்ஸ்," என்றார் டைக்காரரிடம். "கறுப்பு பம்பர் முழுக்க வெள்ளைத் திட்டு. எத்தனையோ தடவை கழுவிட்டேன், அசைய மாட்டேங்குது. சுண்ணாம்புல உக்காந்து எழுந்துச்சான்னு ஓட்டக் கத்துக்க வர்ற பசங்க கேக்கறாங்க."

டைக்காரர் பம்பரை எட்டிப் பார்த்தார். "யார் போட்டது? நீங்களா?"

"ஆமா, நான்தான். பம்பருக்கும் சேத்துப் போடலாம்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதான் விஷயம். வீட்டுல ஆம்பளைங்க யாராவது போட்டிருந்தா இப்படி ஆயிருக்காது மேடம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. பம்பரையே மாத்தணும். புதுசு இருக்கு, காட்டவா?"

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. இருபது வருடமாக எத்தனையோ பேருடைய பயத்தைப் போக்கியவர், இப்போது டப்பாவை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதைப் பார்த்ததும் மிளகுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் இந்த ஆள் மிட்டாய் கொடுத்து உட்கார வைத்துவிடுவார் என்றும் தோன்றியது. அதனால் கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தாள்.

"அக்கா, பம்பர்ல ஒரு ஓரமா தேய்ச்சுப் பாக்கட்டுமா? பிடிக்கலேன்னா உடனே நிறுத்திடறேன்."

"ரப்பராலயா?" என்றார் அவர்.

"பாப்பா, கையை வைக்காதே, கீறல் விழும்," என்றார் டைக்காரர்.

"அவங்க கார். அவங்க சொல்லட்டும்," என்றாள் மிளகு.

அந்தப் பெண் நகர்ந்து வழிவிட்டார். "தேய்ம்மா."

மிளகு முட்டி போட்டு உட்கார்ந்து, நோட்டில் தப்பாகப் போட்ட கணக்கை அழிப்பது போல மெதுவாகத் தேய்த்தாள். வெள்ளைத் திட்டு புழுப் புழுவாகச் சுருண்டு உதிர்ந்தது. கைக்குட்டையால் தட்டிவிட்டாள். ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, பம்பர் புதுசு போலக் கறுகறுவென்று இருந்தது.

கடையிலிருந்த நாலைந்து பேர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"எங்கம்மா. காருக்கு மெருகு போடறதுதான் அவங்க வேலை. உள்ள நிக்கறாங்க." மிளகு எழுந்து நின்றாள். "அரை மணி நேரமா ஒரு பாலிஷ் கேக்கறாங்க. இவர் அவங்ககிட்ட பேசவே மாட்டேங்கறார். எங்க மாமாகிட்டயே பேசறார். எங்க மாமாவுக்கு பட்டன் மட்டும்தான் தெரியும்."

"காஜாவும் தெரியும்," என்றார் மாமா மெதுவாக.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார். மகளையும் பம்பரையும் பார்த்தார். கேட்காமலே விஷயம் புரிந்துவிட்டது.

"சொரசொரப்பான பிளாஸ்டிக்ல வாக்ஸ் பட்டா உள்ள போய் உக்காந்துக்கும்," என்றார் அந்தப் பெண்ணிடம். "அடுத்த தடவை போடறதுக்கு முன்னாடி பம்பர் ஓரத்துல டேப் ஒட்டிடுங்க. உங்க மேல தப்பு இல்லை. அப்படிப் போடக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லியிருக்கணும்."

"டப்பாவுல அப்படி ஒண்ணும் போடலியே," என்றார் டைக்காரர்.

அம்மா டப்பாவை வாங்கித் திருப்பி, அடியில் விரலை வைத்தார். "போட்டிருக்கு. பொடி எழுத்துல."

டைக்காரர் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். இரண்டு முறையும் அதுவேதான் எழுதியிருந்தது.

"ஆம்பளைங்க போட்டிருந்தா ஆயிருக்காதுன்னீங்களே," என்றார் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். இப்போது அவருக்குக் குரல் வந்திருந்தது. "படிச்சிருந்தா ஆயிருக்காது. அதைச் சொல்லுங்க."

"தப்புதான் மேடம்," என்றார் டைக்காரர். டை திடீரென்று இறுக்கியது போல அதைத் தளர்த்திக்கொண்டார்.

"எங்கம்மாகிட்டயும் சொல்லணும்," என்றாள் மிளகு.

பழக்கதோஷத்தில் அவர் பார்வை முதலில் மாமாவிடம் போனது. மாமா அவசரமாக வானத்தை அண்ணாந்து பார்த்தார். டைக்காரர் கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பினார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். அந்தப் பழைய காருக்கு… எந்த மாதிரி பாலிஷ் வேணும்?"

அம்மா பொறுமையாகத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு பாலிஷிலும் ஒரு சொட்டு எடுத்து விரல்களுக்கு நடுவே உரசிப் பார்த்தார். மூன்று நெருடின. நாலாவது மோர் போல வழுக்கியது. "இது," என்றார். வாக்ஸ் எடுத்தார், சீலன்ட் எடுத்தார். அதற்குள் இரண்டு பேர் தங்கள் காரைப் பற்றி அவரிடம் சந்தேகம் கேட்க வரிசையில் நின்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் மிளகின் கோபம் ஆறவில்லை. இந்த முறை அது அம்மா மேல்.

"நீ ஏன்மா சும்மா இருந்தே?"

ஒரு தெரு தாண்டிய பிறகு அம்மா, "தினம் ஒருத்தர் இப்படி இருக்காங்கடி," என்றார். "எல்லார்கிட்டயும் கோபப்பட்டா சாயங்காலம் கை ஓடாது. ஆனா இன்னிக்கு நீ கேட்டப்ப எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. நானே கேட்டிருக்கணும்."

"அடுத்த தடவை கேளு."

"கேக்கறேன்."

திங்கள் முதல் வெள்ளி வரை பட்டறையில் வேலை நடந்தது. பள்ளி விட்டு வந்ததும் மிளகு அங்கேதான் இருந்தாள். பாலிஷ் போட்ட துணியெல்லாம் லேசாக நீலமானது. மக்கிப்போன மேல்தோல்தான் வருகிறது என்று அம்மா சொன்ன பிறகுதான் மிளகுக்கு மூச்சு வந்தது. அதற்கு அடியிலிருந்து, மழைக்கு அப்புறம் வரும் வானம் மாதிரி ஒரு நீலம் எழுந்து வந்தது. வாக்ஸ் போடும் வேலையில் பாதி மிளகுக்கு.

கடைசியாக, சனிக்கிழமை காலை, சக்கரங்களைக் கழுவி, துடைத்து, சீலன்ட் பூசினார்கள். அம்மா காரை மெதுவாக வெளியே கொண்டுவந்து கொட்டகை நிழலில் நிறுத்தினார். "சாயங்காலம் வரைக்கும் சக்கரத்துல ஒரு பொட்டு ஈரம் படக்கூடாது," என்று சொல்லிவிட்டு மிளகைக் காவலுக்கு வைத்தார்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பேக்கரிக்காரர் வந்துவிட்டார். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். முன்பக்கம் நின்று குனிந்து, பானெட்டில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, தலையில் மீதமிருந்த கொஞ்சம் முடியைக் கையால் படிய வாரிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவிடம் பேச உள்ளே போனார்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு தெருநாய் வந்தது. காரை மோந்தது. பின் சக்கரத்தை ரொம்ப நேரம் மோந்தது. பிறகு ஒரு காலை மெல்லத் தூக்கியது.

மிளகு எழுந்து, இடுப்பில் கை வைத்து, அதன் எதிரே போய் நின்றாள்.

நாய் அவள் முகத்தைப் பார்த்தது. தூக்கிய காலை ஒன்றுமே நடக்காதது போலக் கீழே வைத்து, அடுத்த தெருவைப் பார்த்து நடையைக் கட்டியது.