நாலாவதாக நின்றவள்

2023 ஜூலை 15, சனிக்கிழமை. சென்னையில் உள்ள ஒரு தாவரவியல் பூங்காவில், உத்திரமேரூரை அடுத்த காவாந்தண்டலத்திலிருந்து வந்த தானியேல், அவர் மனைவி சிட்டம்மாள், மகள் ஷீபா ஆகிய மூவரும் முற்பகலில் நுழைவுச் சீட்டு வாங்கினார்கள்.

ஷீபாவுக்கு அன்றிரவு விமானம். மஸ்கட்டில் நர்ஸ் வேலை. போகிற வழியில் பூங்காவுக்குள் நுழையலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். பூவும் மரமும் பார்க்கிற ஆசை இல்லை. பெற்றவர்களோடு சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட அவளிடம் கிடையாது. தெரியாத ஊரில் தலைமாட்டில் வைத்துக்கொள்ள அது ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை.

நாகலிங்க மரம் படத்தில் அழகாக விழுந்தது. அல்லிக் குளம் விழுந்தது. முட்செடிகள்கூட ஒழுங்காக நின்று படம் கொடுத்தன. போனை எங்காவது சாய்த்து, டைமர் வைத்து, "வாங்க" என்று கூப்பிட்டால் மட்டும் சிட்டம்மாள் நான்கடி தள்ளிப் போய்விடுவாள்.

"மூணு பேரா நிக்கக் கூடாதுடி. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆவாது. ப்ளேன் ஏறப் போற நாள்ல வோணாம்."

"ஞாயித்துக்கெழமையானா சபைல மொத ஆளா பாட்டு பாடுற" என்றார் தானியேல். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி. அதுவும் மூணுதானே?"

"அவங்க இன்னா, வரிசையா நின்னு போட்டோ புடிச்சிக்கினாங்களா?"

தானியேல் சிரித்தார். ஷீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நாலாவது ஆளாக, ஊரிலிருந்து கூட்டி வந்த வேன் டிரைவரை இழுத்து வரலாம் என்றால் அவர் வண்டியிலேயே தூங்கிப்போயிருந்தார். எதிரே வந்த ஒரு ஜோடியைக் கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். புல்லில் கால் வைத்ததற்குக் காவலாளி விசில் ஊதினான்.

"போதும்மா, படமே வோணாம். வா போலாம்" என்றாள் ஷீபா.

மகள் முகத்தைப் பார்த்த சிட்டம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "இரு, நெழல்ல யாராச்சும் கெடைப்பாங்க" என்று முன்னால் நடந்தாள்.

பூங்காவின் கடைசியில் பச்சை வலை போர்த்திய ஒரு கூடம் இருந்தது. நிழலில் வளரும் செடிகளை வைத்திருக்கும் இடம். உள்ளே நுழைந்ததும் வெளியே கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் கதவு சாத்தினாற்போல நின்றது. உச்சிப்பொழுதில் அங்கே மட்டும் சாயங்கால இருட்டு. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஈரச் சாக்கு மக்கும் வாடை.

சிமென்ட் பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஷீபாவின் வயதுதான் இருக்கும். தலைமுடி நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது.

"யம்மா, சித்த எங்ககூட வந்து நில்லேன்" என்றாள் சிட்டம்மாள். "நாலாவது ஆளு இல்லாம அல்லாடிக்கினு கீறோம்."

அவள் மெல்ல நிமிர்ந்தாள். "கூப்புடுறீங்களா?"

"ஆமாம்மா, வா."

"எங்க நிக்கட்டும்?"

"எங்க வோணா நில்லு. நீயும் நம்ம பொண்ணு மாதிரிதான்."

அவள் எழுந்து வந்து ஷீபாவின் பக்கத்தில் நின்றாள். ஷீபா தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடி வந்து நடுவில் நின்றாள்.

படத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பெண் நின்ற இடத்தில் செடிகள் மட்டும் இருந்தன.

"ச்சே, ஓரத்துல வெட்டிக்கிச்சு." போனைத் திருப்பி வைத்தாள். "எல்லாரும் நெருங்கி நில்லுங்க."

இந்த முறை அந்தப் பெண் படத்தில் விழுந்திருந்தாள். தானியேல் இல்லை.

"நீ ஏன் நைனா நவுந்த?"

"நானா? நட்டு வெச்ச மாதிரி நிக்கிறேன்."

"பேசாம நில்லு நைனா, ப்ளீஸ்."

மூன்றாவது முறை எடுத்தாள். குனிந்து திரையைப் பார்த்தாள்.

தானியேல் இருந்தார்.

சிட்டம்மாள் இருந்தாள்.

நடுவில் அந்தப் பெண் இருந்தாள். தானியேலின் கை அவள் தோள்மேல் இருந்தது.

ஷீபா இல்லை.

தண்ணீர் சொட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. ஷீபா திரும்பினாள். பெற்றவர்கள் சிரித்தபடி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். அந்தப் பெண் சிட்டம்மாளின் காதருகே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க ஊரு எது?"

"காவாந்தண்டலம்மா."

"வூட்ல யார் யாரு?"

"நாங்க மூணு பேருதான்."

ஷீபா அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். "படம் வந்துச்சா?" என்று சிட்டம்மாள் கேட்டாள். உண்மையைச் சொன்னால் பயணமே நின்றுவிடும். "வந்துச்சும்மா" என்றாள். மூன்று படங்களையும் அழித்தாள். திரும்பிப் பார்த்தபோது தானியேலைத் தவிரப் பின்னால் யாரும் வரவில்லை.

விமான நிலையத்துக்கு வேன் கிளம்பியது. ஷீபா முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். பின்னால் சிட்டம்மாள் ஜன்னலோரம் ஒதுங்கி, தனக்கும் தானியேலுக்கும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா அவ்ளோ ஓரமா ஒக்காந்துக்கினு வர?"

"பாப்பா தாராளமா ஒக்காரட்டும்னுதான்" என்றாள் சிட்டம்மாள், ஷீபாவைப் பார்க்காமல்.

தாராளமாக உட்காரச் சொல்லித் தன்னைத்தான் பின்னால் கூப்பிடுகிறாள் என்று ஷீபா எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மஸ்கட்டிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டாள். தானியேல் எடுத்தார்.

"நைனா, நல்லபடியா வந்து சேந்துட்டேன்."

"யாரும்மா பேசறது?"

"ஷீபா நைனா."

"ஷீபா இங்கதான கீது? நாஷ்டா துன்னுக்கினு கீது. நீ யாரு?"

"நைனா, வெளையாடாத. அம்மாகிட்ட குடு."

தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. "யாருய்யா காலங்காத்தால?" என்று சிட்டம்மாளின் குரல். "யாரோ பாப்பா பேரச் சொல்லிக்கினு பேஜார் பண்ணுது" என்றார் தானியேல்.

பிறகு, போனுக்கு மிக அருகில், மெதுவாக, பச்சை வலைக் கூடத்தில் கேட்ட அதே பெண் குரல்:

"வெச்சிடு நைனா."

அதற்குப் பின் அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. மாதக் கடைசியில் ஷீபா தன் பெயரைச் சொல்லாமல் ஊர்ச் சபையின் போதகரிடம் விசாரித்தாள். தானியேல் வீட்டில் எல்லோரும் சுகம் என்றும், மூன்று பேரும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறார்கள் என்றும் அவர் சொன்னார்.