புத்தகம் தொடாத நாள்

விடிந்தும் விடியாததுமாக மாடியில் பாத்திரங்கள் உருளத் தொடங்கின. மூத்த மருமகள் கஜோரிக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கெண்டியும் கரண்டியும்தான் என்று அந்த ஹவுரா வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கீழ் அறையில் டியூஷன் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த சுதபா, எதுவும் காதில் விழாதவள் போலப் பாடத்தைத் தொடர்ந்தாள். ராத்திரி இருமிக்கொண்டிருந்த கணவனோடு விழித்திருந்ததில் கண்கள் எரிந்தன. சாயங்காலம் வேறு டியூஷனுக்கு நாலு வீடு ஏறி இறங்கவேண்டும்.

புபாய் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். அதனால் அறைக்குள் நடந்துகொண்டே வாய்ப்பாடு சொல்ல அவனுக்கு அனுமதி. ரீமிக்கு ஆள் முகத்தைப் பார்த்தால் வாயே திறக்காது. அவள் சுவரைப் பார்த்துப் பாட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வழி. இதற்கே சுதபாவின் உயிர் பாதி போய்விடும். ஆனாலும் அடிப்பதும் இல்லை, அதட்டுவதும் இல்லை. பிள்ளைகளுக்கு அவள் 'தீதிமணி', டீச்சரம்மா; கஜோரி மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

கஜோரி படியிறங்கி வந்து வாசலில் நின்றாள். பிள்ளைகள் கப்சிப்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பாஸ் பண்ணுது. இந்த வீட்டுப் பிள்ளை மட்டும் கணக்குல நூத்துக்குப் பதினொண்ணு. கேக்கவே நல்லா இருக்கில்ல?"

"அக்கா, பிள்ளைங்க இருக்காங்க..."

"இருக்கட்டும். சரஸ்வதி பூஜையோட இந்தக் கடையைக் கட்டிடு. கணக்கு வாத்தியார் இனி இந்த ரூம்ல உக்காந்து எம் பொண்ணு ஜினுக்குக்குச் சொல்லிக்கொடுப்பார். இரைச்சல் இல்லாம படிச்சாத்தான் அவளுக்கு ஏறும். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

'அவர்' என்றால் கஜோரியின் கணவர், வீட்டுக்குப் பெரியவர். அவர் காதுக்குப் போய்விட்டால் அது முடிந்த விஷயம். சுதபாவின் கணவன் நிருபமுக்குச் சணல் ஆலை மூடியதிலிருந்து நிலையான வேலை கிடையாது. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு எதிர்த்துப் பேச அவனுக்கு நாக்கு எழாது. இந்த அறை போனால் காலை வகுப்பு போனது. வகுப்பு போனால், சாயங்கால டியூஷன் காசு மருந்துக்கே சரியாகிவிடும், இவர்கள் இருவரும் கஜோரியின் கையைப் பார்த்துத்தான் சாப்பிடவேண்டும்.

சுதபா புபாயை வாய்ப்பாட்டைத் தொடரச் சொன்னாள். எதிர்த்துப் பேசி என்ன ஆகப்போகிறது?

பத்து வருஷத்துக்கு முன்னால் தொலைவில், புருலியாவில் அவளுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. அந்தச் சமயம்தான் ஜினுக் பிறந்தாள். பிரசவத்தில் நொந்துபோன கஜோரி ஆறு மாதம் படுக்கையிலேயே கிடந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டியது, பால் புகட்டியது, தோளில் போட்டுத் தூங்கவைத்தது எல்லாம் சுதபா. வேலை கைவிட்டுப் போனதைப் பற்றி அந்த வீட்டில் இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்படி வளர்ந்த ஜினுக்கும் ஒரு காலத்தில் இந்த அறையில்தான் படித்தாள். ஒருநாள் கஜோரி எட்டிப் பார்த்தபோது, குழந்தை ஒரு முறம் பட்டாணியை உரித்துக் குவித்துக்கொண்டிருந்தது. பட்டாணியைப் பங்கு போட்டு வகுத்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது என்று சுதபா சொன்னது எடுபடவில்லை. "எம் பொண்ணை வேலைக்காரி ஆக்கப் பாக்குறியா?" என்று குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள்தான். அதன் பிறகு வாரம் மூன்று நாள் வாத்தியார் வருகிறார், பிரம்போடு.

பூஜையன்று பிள்ளைகள் விடியலிலேயே வழக்கப்படி மஞ்சள் உடுத்தி வந்துவிட்டார்கள். சுதபாவும் மஞ்சள் புடவை கட்டி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தாள். கடைசித் தடவை, குறையில்லாமல் நடக்கட்டும் என்று அறையைத் தானே கழுவிக் கோலமிட்டிருந்தாள். புரோகிதரைத்தான் காணோம். அவரை மூன்றாவது வீட்டுக்காரர்கள் தெருவிலேயே மடக்கித் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகப் புபாய் வந்து சொன்னான்.

யார் யாருக்கு எந்தப் பாடம் வராதோ அந்தப் புத்தகத்தைத் தேவியின் காலடியில் வைத்துவிடுவார்கள். மறுநாள் பூஜை முடிந்து எடுக்கும்வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. கஜோரி தானே இறங்கி வந்து ஜினுக்கின் கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிச்சடி இறக்கவேண்டும் என்று உடனே மாடிக்கு ஓடினாள்.

அவள் போனதும் ஜினுக் சுற்றுமுற்றும் பார்த்தாள். மஞ்சள் புடவை மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்த இன்னொரு புத்தகத்தை எடுத்து அடியில் செருகினாள். பூத்தட்டை நகர்த்திய சுதபா அதைப் பார்த்துவிட்டாள். கணக்கு இல்லை. வங்காள மொழி வாசகப் புத்தகம்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தி," என்றது குழந்தை.

சுதபா தலையசைத்தாள். ஆனால் அந்தப் புத்தகம் அவள் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

ஒருவழியாகப் புரோகிதர் வந்து, மந்திரத்தைப் பாதி விழுங்கிப் பூஜையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் பறந்தார். பிள்ளைகளுக்கு இனி நாள் முழுக்க விளையாட்டு. புத்தகம் இல்லாத நாளில் வாய்க்கணக்கு விடுகதை போடுவது சுதபாவின் வழக்கம். ஜினுக்கும் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"இருபத்தேழு பேருக்கு ஆளுக்கு நாலு லூச்சிப் பூரி. எண்ணெய்ச் சட்டியில ஒரு தடவைக்கு ஆறுதான் பொரியும். எத்தனை தடவை போடணும்?"

மற்றவர்கள் விரலை மடக்க ஆரம்பிக்கும் முன் பதில் வந்தது.

"பதினெட்டு," என்றாள் ஜினுக். "ஆனா புபாய் சாப்பிட உக்காந்தா பத்தாது சித்தி."

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். சுதபா இன்னொன்று போட்டாள், அதைவிடக் கடினமானது. அதற்கும் ஜினுக்தான். அடுத்ததற்கும் அவள்தான். பிரசாதக் கிச்சடியோடு வாசலில் வந்து நின்ற கஜோரியை யாரும் கவனிக்கவில்லை.

தட்டு தரையில் விழுந்தது.

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுதான் என்னை அசிங்கப்படுத்தினியா?" என்று அவள் பாய்ந்து வந்து மகள் மேல் கையை ஓங்கினாள்.

அந்தக் கையைச் சுதபா பிடித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"அடிக்காதீங்க அக்கா. அவளுக்குக் கணக்கு வரும். எழுத்துதான் வரலை. கேள்வியைப் படிக்க முடியலைன்னா விடையை எப்படி எழுதுவா?"

தேவியின் காலடியிலிருந்த வாசகப் புத்தகத்தைக் கண்ணால் காட்டினாள். கஜோரி அதைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் ஓடுதும்மா..." ஜினுக் விம்மினாள். "பிடிச்சு நிறுத்தறதுக்குள்ள வாத்தியார் அடிச்சுடறார்."

கஜோரியின் ஓங்கிய கை இறங்கியது. "உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று சுதபாவிடம் கேட்டாள். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

"இன்னைக்குத்தான் நிச்சயமாத் தெரிஞ்சுது. எங்கிட்ட படிச்சப்பவே சந்தேகம் இருந்துச்சு. அதான் புத்தகத்தை மூடிட்டுப் பட்டாணியைக் கொடுத்தேன். என்னன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க."

அதில் குற்றச்சாட்டு இல்லை. களைப்புதான் இருந்தது. அந்தக் களைப்புதான் கஜோரியைச் சுட்டிருக்கவேண்டும். சிந்திய கிச்சடிக்கு நடுவிலேயே உட்கார்ந்து, மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் ஓடும்," என்றாள், சுதபாவுக்கு மட்டும் கேட்கும்படி. "மக்குன்னு சொல்லி அஞ்சாங் கிளாஸோட நிறுத்திட்டாங்க. நீ படிச்சவளா இந்த வீட்டுக்கு வந்தே... உன்னைப் பாக்கறப்ப எல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். எம் பொண்ணாவது அப்படி இருக்கக்கூடாதுன்னுதான்... நானே அவளை அடிக்க விட்டிருக்கேனே சுதபா..."

சுதபா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கஜோரி அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். புபாய் ஒன்றும் புரியாமல், தரையில் கிடந்த கிச்சடியைச் சாப்பிடலாமா என்று ரீமியிடம் கேட்டான்.

"அந்த வாத்தியார் இனி இந்தப் படி ஏற மாட்டார்," என்றாள் கஜோரி. " ரூமும் உன்னுதுதான். எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். ஜினுக்கை எடுத்துக்கோ. எத்தனை நாள் ஆனாலும் சரி."

"நாள் ஆகும் அக்கா," என்றாள் சுதபா. "வருஷம்கூட ஆகும். நீங்க அவசரப்படுத்தக்கூடாது."

"மாட்டேன்."

கஜோரி மாடியிலிருந்து வேறு தட்டு கொண்டுவந்து, பட்டினி கிடந்தவளுக்குத் தன் கையாலேயே ஊட்டினாள். நாலு வாய்கூட இறங்கியிருக்காது. சுதபா பாயிலேயே தலை சாய்த்துக் கண்ணயர்ந்துவிட்டாள். கஜோரி தன் சால்வையை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டு, வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பிரசாதம் கேட்டுக் கூச்சலோடு வந்தார்கள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் உதட்டில் விரல் வைத்து. "தீதிமணி தூங்கறாங்க."